கூண்டில் சொன்ன பெயர்

நான் இப்போது அரசு நிறுவனம் ஒன்றுக்கு வக்கீல். டெண்டர், நிலம் எடுப்பு, பதவி உயர்வுத் தகராறு. எல்லாம் காகிதச் சண்டை. யாரும் கூண்டில் நின்று அழுவதில்லை. கொலை வழக்குகளில் கொடிகட்டிப் பறந்தவர் இங்கே வந்து ஏன் முடங்கிவிட்டீர்கள் என்று எவனாவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனுக்கென்ன, கேட்டுவிட்டுப் போய்விடுவான்.

எழுபத்தொன்றில் செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில் நான் அரசுத் தரப்பு வக்கீல். தண்டலத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமம். ஏரித் தண்ணீரை யார் வயலுக்கு முதலில் திருப்புவது என்ற சண்டையில், கன்னியப்பன் என்ற குடியானவரை மேற்கு வீட்டுக்காரன் மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டான். பார்த்தது அவர் மனைவி சின்னப்பொண்ணு ஒருத்திதான். பாழாய்ப்போன கொலைகாரன் பெயரும் கன்னியப்பன்.

புருஷன் பெயரை அந்தப் பக்கத்துப் பெண்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். அதே பெயர் வேறு எவனுக்கு இருந்தாலும் சொல்ல மாட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் ஸ்டேஷனில் அவள், "மேலண்டை வூட்டுக்காரன்" என்றாள். ஏட்டு அப்படியே எழுதிக்கொண்டார். அந்த வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். பெரியவனா சின்னவனா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த மனிதர் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா?

எதிர்த்தரப்பு இதைத்தான் பிடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். அடித்தவனைக் கை காட்டினால் போதும், பெயர் சொல்லாத காரணத்தை நீதிபதிக்கு நான் எடுத்துச் சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். அவளும் கை காட்டினாள்.

குறுக்கு விசாரணைக்கு எழுந்த வக்கீலின் குரலில் தேன் வழிந்தது. கையை யார் பக்கம் வேண்டுமானாலும் நீட்டலாம், பெயர் தெரியாத ஒருவனைத் தூக்கில் போடச் சொல்கிறாயா அம்மா என்று கேட்டார். நான் எழுந்து ஆட்சேபித்தேன். நீதிபதி என்னை உட்கார வைத்துவிட்டார். சின்னப்பொண்ணு என்னைப் பார்த்தாள். சாட்சிக்கு நான் சாடை காட்டக் கூடாது. கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இவன் தப்பிவிடுவானே என்ற பயம் அவளைப் பேச வைத்தது.

"கன்னியப்பன்," என்றாள்.

சொன்னவள் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வக்கீல் நீதிபதி பக்கம் திரும்பினார். பெயர் சொல்ல இவளுக்கு ஒரு தடையும் இல்லை, இப்போது காதால் கேட்டீர்கள். அப்படியானால் ஸ்டேஷனில் ஏன் சொல்லவில்லை? யார் அடித்தது என்று அன்றைக்கு இவளுக்கே தெரியாது என்றார். அடப்பாவி, இதற்காகத்தான் கேட்டிருக்கிறான்.

தொண்டை வற்ற வாதாடினேன். எடுபடவில்லை. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அவனை விட்டுவிட்டார்கள். கூண்டில் அவள் பெயரைச் சொன்னதையே தீர்ப்பில் காரணமாக எழுதியிருந்தார்கள்.

கோர்ட் வாசலில் அவனுக்கு மாலை போட்டுக் கூட்டிப் போனார்கள். அவன் பக்கத்து வீட்டில்தான் அவள் இனியும் குடியிருக்க வேண்டும். அவள் என்னிடம் வந்தாள்.

"நான் வாயத் தொறந்து அவரு பேர சொல்லாம இருந்திருந்தா, இவன் உள்ள போயிருப்பானா சாமி?"

போயிருப்பான். எனக்கு நன்றாகத் தெரியும்.

"இல்லம்மா. அப்பவும் விட்டிருப்பாங்க," என்றேன்.

அவள் நம்பவில்லை.