காலிப் பெட்டி எங்கே?

விநியோகச் சங்கிலி என்றால் என்ன என்று நிவாஸுக்கு இரண்டு வருடம் எம்.பி.ஏ. வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். திரையில் அம்புக்குறி போட்டு விளக்கவும் அவனுக்கு வரும். ஆனால் அன்று காலை, வல்லம் வடகாலில் அவன் வேலை பார்த்த கம்பெனியின் டிஸ்பாட்ச் வாசலில் நின்றபோது, அந்தச் சங்கிலி எந்தப் பக்கம் ஆரம்பித்து எந்தப் பக்கம் முடிகிறது என்பது பிடிபடவில்லை.

கார் கதவுக்குக் கைப்பிடி செய்கிற கம்பெனி அது. கைப்பிடிகள் குவியலாகத் தயாராக இருந்தன. லாரி இருந்தது, டிரைவர் ஐயனாரும் இருந்தார். பெட்டிதான் இல்லை.

"இல்லன்னா?" என்றான் நிவாஸ்.

"இல்லன்னா இல்ல சார்," என்றாள் டிஸ்பாட்ச் இன்சார்ஜ் மதிவதனி. "நீலப் பெட்டி ஒண்ணுகூட இல்ல. லஞ்சுக்குள்ள லாரி போவலன்னா ஒரகடத்துல கார் செய்ற லைன் நின்னுடும்."

ஒரகடத்துக் கார் கம்பெனியின் சட்டம் அது. சரக்கு அவர்களுடைய நீலப் பெட்டியில்தான் வர வேண்டும். கைப்பிடியோடு போகிற பெட்டி காலியாகத் திரும்பி வரும், மறுநாள் மறுபடி போகும்.

"அட்டைப் பெட்டில போட்டு அனுப்பலாமே?"

"போன தபா அனுப்சோமே சார். கேட்லயே நிறுத்திட்டு, 'இன்னாமா, கைப்பிடியா கல்யாண சீரா'ன்னு கேட்டு திருப்பி வுட்டானுங்க."

நிவாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அன்றைக்கு அவன் கம்பெனியில் விநியோகச் சங்கிலி வார விழா. துணைத் தலைவர், அதாவது வி.பி., திருநாராயணன், 'எந்தப் பொருள் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்று அறிவது எப்படி' என்ற தலைப்பில் பேசுகிறார். கார் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி சிறப்பு விருந்தினர். "விழா நல்லபடியா முடியட்டும், உன் கன்ஃபர்மேஷன் லெட்டரை மேடையிலயே தரேன்," என்று திருநாராயணன் சொல்லியிருந்தார். லைன் நின்றால் லெட்டர் கிடையாது. லெட்டர் இல்லையென்றால் வசுதாவைப் பெண் கேட்க முடியாது. "பர்மனென்ட் ஆகட்டும், அப்புறம் பேசுவோம்" என்று அவள் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நிவாஸுக்குத் தெளிவாகப் புரிந்த ஒரே சங்கிலி இதுதான்.

கார் கம்பெனி ஸ்டோருக்குப் போன் போட்டான்.

"நேத்தே அனுப்பிட்டோமே சார்! கொஞ்சம் மட்டும் கைல வெச்சிக்கினோம், ஒரு சேஃப்டிக்கு."

ஐயனாரைக் கேட்டான்.

"நேத்து சாயங்காலமே இங்க எறக்கிட்டேன் சார். அஞ்சாறு மட்டும் வல்லக்கோட்டைல குடுத்தேன், ஒரு சேஃப்டிக்கு."

"யாரோட சேஃப்டிக்கு?"

"என்னோடதுதான். முருகன் கோயில்ல செருப்பு போட்டு வெக்க பெட்டி பத்தலன்னாங்க. லாரி ஓட்றவன் சார் நானு, வேண்டுதல் இல்லாம முடியுமா?"

செக்யூரிட்டியைக் கேட்டால், பெட்டிகள் ஸ்டோருக்குப் போய்விட்டன என்றார். ஸ்டோர் பூட்டியிருந்தது. ஸ்டோர்கீப்பர் கோதண்டத்தின் போன் அணைந்திருந்தது. விழா ஏற்பாட்டில் இருப்பவர்கள் போனை அணைத்து வைக்க வேண்டும் என்று திருநாராயணனே சுற்றறிக்கை விட்டிருந்தார். அதை மதித்த ஒரே ஆள் கோதண்டம்.

"கோயில்ல கீறதையாவது எடுத்துக்கினு வாங்க சார்," என்றாள் மதிவதனி. "அஞ்சாறு பெட்டி போனாலும் லைன் கொஞ்ச நேரம் ஓடும்."

நிவாஸ் பைக்கை எடுத்தான். வல்லக்கோட்டையில் அன்று கிருத்திகை, கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது. செருப்பு பார்த்துக்கொள்ளும் கடையில் கங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் நீலப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. கார் கம்பெனியின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. உள்ளே செருப்புகள் வழிந்தன.

"ஷூவ கழட்டு மொதல்ல."

"நான் சாமி கும்பிட வரலம்மா."

"அப்ப கோயிலுக்கு இன்னாத்துக்கு வந்த?"

நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. குழப்பத்தில் ஷூவைக் கழற்றிக் கொடுத்தான். டோக்கன் கைக்கு வந்தது.

"அந்தப் பெட்டியெல்லாம் எங்களோடதும்மா. எனக்கு உடனே வேணும்."

"எடுத்துக்கோ. உள்ள கீற செருப்ப உன் தலைல கொட்டவா? பெட்டிக்கு ஒரு நம்பரு, நம்பருக்கு ஒரு டோக்கன். கொட்டிட்டா எவன் செருப்பு எவன் கால்ல போவும்?"

"எப்ப காலியாகும்?"

"உள்ள போன ஜனம் வெளிய வந்தா காலியாவும். அதுக்குள்ள அடுத்த ஜனம் வந்துடும். கிருத்திகை அன்னிக்கு வந்து காலிப் பெட்டி கேக்கறியே, யாராவது ஏவி வுட்டாங்களா?"

போன் அடித்தது. மதிவதனி. "சார், விருந்தாளி வந்துட்டாரு. வி.பி. உங்கள மேடைக்குத் தேடறாரு."

நிவாஸ் ஷூவுக்காகத் திரும்பினான். அதன்மேல் அதற்குள் ஒரு குடும்பத்தின் செருப்புகள் ஏறியிருந்தன. டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு பைக்கை உதைத்தான்.

கம்பெனி விழாப் பந்தலில் திருநாராயணன் பேசிக்கொண்டிருந்தார். பின்வாசல் வழியாக மேடை ஏறிய நிவாஸின் பாதங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்.

"நண்பர்களே! நம்ம நிவாஸைப் பாருங்கோ. இந்த ஃபேக்டரியைக் கோயிலா நெனைக்கறார். இதுக்குப் பேர்தான் கமிட்மென்ட்!"

கைதட்டல் எழுந்தது. சிறப்பு விருந்தினர் சங்கடமாகத் தன் ஷூவைப் பார்த்தார். குனிந்து மெதுவாக நாடாவை அவிழ்த்தார். அவர் அவிழ்த்த பிறகு மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? மேடையே வெறுங்காலாயிற்று.

நிவாஸ் மட்டும் அசையாமல் நின்றான். சிவப்புக் கம்பளத்துக்கு அடியில் அவன் உள்ளங்காலில் ஏதோ உறுத்தியது. இன்னோர் அடி எடுத்து வைத்தான். அங்கேயும் கட்டம் கட்டமாக, வரி வரியாக உறுத்தியது. மேடையோரத்தில் சூடத்தட்டோடு நின்ற கோதண்டத்திடம் குனிந்தான்.

"கோதண்டம், இதுக்கு அடியில என்ன?"

"பெட்டி சார். நீலம். கவுத்து அடுக்கினா சும்மா கல்லு மாதிரி நிக்குது."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"இன்னா சார் இப்டி கேக்கறீங்க? 'சும்மா கெடக்கற பொருள் ஒண்ணுகூட ஸ்டோர்ல இருக்கக் கூடாது'ன்னு நீங்கதானே மெயில் போட்டீங்க. காலியா கெடந்துச்சு, மேடைக்குக் குடுக்கறேன்னு பதில் போட்டேன். 'வெரி குட்'னு அனுப்சீங்களே."

அனுப்பியது நினைவுக்கு வந்தது. எதற்கு அனுப்பினான் என்பதுதான் வரவில்லை.

விருந்தினரின் போன் அடித்தது. அவர் முகம் மாறியது. "ஹேண்டில் வரலையா? லைன் நிக்கப் போறதா? எல்லாரும் இங்க மேடைலதானே இருக்காங்க..." போனை வைத்துவிட்டுத் திருநாராயணனைப் பார்த்தார். திருநாராயணன் நிவாஸைப் பார்த்தார்.

"சரக்கு?"

"ரெடி சார்."

"லாரி?"

"ரெடி சார்."

"பெட்டி?"

"நீங்க அதுமேலதான் நின்னுண்டிருக்கீங்க சார்."

திருநாராயணன் இதை ஒரு தத்துவம் என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார். நிவாஸ் பந்தலைப் பார்த்தான். இறங்கச் சொன்னால் வி.பி.யின் மானம் போகும், அதோடு லெட்டரும் போகும். சொல்லாவிட்டால் லைன் நிற்கும், அப்போதும் லெட்டர் போகும். எப்படியும் போகிற லெட்டருக்காக மைக்கைப் பிடித்தான்.

"எல்லாரும் தயவுசெஞ்சு மேடையை விட்டு இறங்கணும். இப்பவே."

கோதண்டம் விஷயத்தைச் சொல்ல, மதிவதனி ஆட்களோடு மேடைக்குப் பின்னால் வந்துவிட்டாள். பின்மூலையில் ஒரு பெட்டியை உருவினார்கள். மேடை ஒரு பக்கம் இறங்கியது, குத்துவிளக்கு சாய்ந்தது. திருநாராயணன் ஒரு கையால் விளக்கைப் பிடித்தார், மறுகையால் மைக்கைப் பறித்தார்.

"பதறாதீங்கோ! இது நேரடி செயல் விளக்கம்! ஒரு பொருளும் சும்மா நிக்கப்படாது. மேடைகூட!"

கைதட்டல் இந்த முறை இன்னும் பலமாக இருந்தது. ஆட்கள் கம்பளத்தை உருட்டினார்கள். பெட்டிகள் கைமாறி டிஸ்பாட்ச் வாசலுக்கு ஓடின. திருநாராயணன் பேச்சை விடவில்லை. கடைசியில் தரையில் நின்றபடி பேசினார். கூட்டத்துக்கு மைக்கும் அவர் நெற்றித் திருமண்ணும் மட்டும் தெரிந்தன. லாரி கிளம்பியது. லஞ்சுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரகடத்திலிருந்து சேதி வந்தது: லைன் ஓடுகிறது, ஒரு பெட்டியில் மட்டும் கைப்பிடிக்குப் பதில் ஒரு ஜோடி ஷூ இருக்கிறது. நீலப் பெட்டி என்பதால் கேட்டில் யாரும் தடுக்கவில்லை.

நிவாஸுக்கு லெட்டர் கிடைத்தது. "இந்த விளக்கத்தை ஒரு மாசமா ரகசியமா பிளான் பண்ணினோம், இல்லையா?" என்றார் திருநாராயணன். நிவாஸ் ஆமாம் என்றான்.

விருந்தினர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரமாதம். அடுத்த வாரம் எங்க பிளான்ட்லயும் இதே மாதிரி ஒரு விழா வெக்கறோம். பெட்டியெல்லாம் அதுவரைக்கும் எங்ககிட்டயே இருக்கட்டும், ஒரு சேஃப்டிக்கு." அவருடைய ஷூ லாரியில் போய்விட்டதால், கம்பெனி கொடுத்த ரப்பர் செருப்பில் காரை நோக்கி நடந்தார்.

மதிவதனி பக்கத்தில் வந்தாள். "சார், நாளைக்கு லாரிக்குப் பெட்டி?"

நிவாஸ் ஒரு கையில் லெட்டரும் ஒரு கையில் டோக்கனுமாக நின்றான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பைக் சாவியைத் தேடினான்.

"எங்க சார்?"

"வல்லக்கோட்டை."

"பெட்டி எடுக்கவா, ஷூ எடுக்கவா?"

"மொதல்ல வேண்டிப்பேன். அப்புறம் கங்கம்மாள் எதைத் தராளோ அது."