கடிவாய்

டாக்டரம்மா பூனையின் பிடரியை முகர்ந்து பார்த்தார். பிறகு தன் விரல்களை முகர்ந்தார்.

“இது மேல என்ன தடவினீங்க?”

முனிரத்தினம் பூனையைப் பார்த்தான். மேசையின் மேல் அது உதறிக்கொண்டிருந்தது. நான்கு கால்களும் தனித்தனியாக ஓடின. வாயோரம் நுரை.

“ஆட்டுக்குப் போடற உண்ணி மருந்தா?”

“ஆமாம்மா.”

“யார் போட்டது?”

“நான்தான்.”

அவன் போடவில்லை. நேற்று அவன் ஆடுகளைப் பிடித்துக்கொள்ள, அவன் மனைவி மேரிதான் வாளியில் துணியை நனைத்து நனைத்துத் துடைத்தாள். ஆறு ஆடும் முடிந்ததும் பூனையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “உனுக்கு மட்டும் இன்னா ஓரவஞ்சன? நீயும் இந்த வூட்டு உசுருதானே?” அதே துணியால் காதிலிருந்து வால்வரை துடைத்தாள். பூனை அவள் கட்டைவிரலைக் கடித்தது. அவன் சிரித்தான்.

“ஆடு தாங்கும். பூனைக்கு ஆகாது. நக்கி வேற இருக்கும்.” டாக்டரம்மா ஊசி போட்டார். “நடுக்கத்துக்கு என்கிட்ட இதான் இருக்கு. உடனே கழுவணும். இங்க பைப்புல பச்சத் தண்ணி, உடம்பு குளிர்ந்துடும். வீடு எவ்ளோ தூரம்?”

“பத்து நிமிசம்.”

“வெதுவெதுப்பா தண்ணி, பாத்திரம் கழுவுற சோப்பு. மருந்து வாசன போறவரைக்கும் கழுவுங்க. துடைச்சு, இருட்டுல சூடா வைங்க.”

“அப்பால?”

“சென்னைக்குக் கொண்டுபோனா பாக்கலாம். வழியில தாங்கணும்.”

அதைச் சொல்லும்போது அவர் பூனையைப் பார்க்கவில்லை.

தீவனச் சாக்கில் வைத்து மொபெட்டில் இரண்டு கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டான். ஏரிக்கரை ரோடு நெடுக அது அவன் கணுக்காலில் உதைத்துக்கொண்டே வந்தது. உதை நின்றபோதெல்லாம் வண்டியை நிறுத்திச் சாக்கை விலக்கிப் பார்த்தான்.

மேரி பஞ்சாயத்தில் குப்பை வண்டி தள்ளுகிறாள். இரண்டு வருடத்துக்கு முன் மழையில் ஒரு கேரி பேக் அசைந்தது. வாய் கட்டியிருந்தது. உள்ளே மூன்று குட்டிகள், இரண்டு செத்திருந்தன. மீந்ததை ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். மூட்டை கட்டிப் போட்டது என்பதால் ‘மூட்ட’ என்றே பெயர்.

அவன் காலையில் போன் பண்ணியதும் வண்டியைப் பாதித் தெருவில் விட்டுவிட்டு வந்திருந்தாள். பச்சைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றாள்.

“இன்னா சொன்னாங்க டாக்டரம்மா?”

அவள் கட்டைவிரலில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன.

“பாம்புன்றாங்க,” என்றான்.

யோசித்துச் சொன்னதில்லை. வந்துவிட்டது.

“பாம்பா? கடிவாய் எங்க?”

“மயிருல தெரில. தண்ணி வை மே. சுடுதண்ணி.”

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அவன் பாத்திரம் தேய்க்கும் சோப்பை எடுத்து வந்து அலுமினிய அன்னக்கூடையில் பூனையை இறக்கினான்.

“பாம்பு கடிச்சதுக்கு சோப்பு எதுக்குய்யா?”

“கழுவச் சொன்னாங்க.”

அவள் தண்ணீர் ஊற்ற, அவன் தேய்த்தான். ரோமம் ஒட்டிக்கொண்டதும் பூனை பாதியாகிவிட்டது. நுரையோடு மருந்து வாடை எழுந்தது. மண்ணெண்ணெய் போல, நேற்று வாளியிலிருந்து வந்த அதே வாடை. சொம்பு பாதியில் நின்றது. அவன் தலைதூக்கவில்லை. நுரையைப் பார்த்தபடியே தேய்த்தான்.

தண்ணீர் மறுபடி விழுந்தது.

“இன்னொரு தபா போடு,” என்றாள் மேரி. “கழுத்தாண்ட வாசன போவல.”

நான்கு முறை போட்டார்கள். தன் பழைய நைட்டியில் சுற்றி அடுப்போரம் மடியில் வைத்துக்கொண்டாள். உதறல் வந்தால் அவளும் சேர்ந்து குலுங்கினாள். விரலைப் பூனையின் பற்களுக்கு நடுவே கொடுத்தாள்.

“சென்னைக்கு ஆட்டோ கேக்கட்டா?”

“கேளு.”

மூன்று பேருக்குப் போன் செய்தான். ஒருவன் கல்யாணச் சவாரியில் இருந்தான். ஒருவன் எடுக்கவில்லை. மூன்றாமவன், “யாருக்குண்ணா உடம்பு சரியில்ல?” என்றான். சொன்னதும் சிரித்தான். பிறகு, “ஒரு மணி நேரத்துல வரேண்ணா,” என்றான்.

பக்கத்து வீட்டு ஆண்டாளம்மாள் எட்டிப் பார்த்தாள். “எனுக்கு ரெண்டு மாசமா முட்டி நோவுது, ஒரு ஊசி போட நாதியில்ல. பூன மவராசிக்கு நைட்டி இன்னா, கணப்பு இன்னா!”

அவள் உள்ளே வந்து குனிந்து பார்த்தாள். குரல் மாறியது.

“இன்னாடி ஆச்சு இதுக்கு?”

“பாம்பு,” என்றாள் மேரி.

அவன் அவளைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடிப் பாவி, வெறகுக் கட்டைக்கு அடியிலதான் இருக்கும். பேரப் புள்ளைங்க வெளயாடற எடமாச்சே!” ஆண்டாளம்மாள் வேகமாக வெளியே போனாள்.

கொஞ்ச நேரத்தில் உதறல் நின்றது.

“ஊசி வேல செய்யுது மே,” என்றான் முனிரத்தினம்.

மேரி பூனையின் விலாவில் உள்ளங்கையை வைத்திருந்தாள். எடுக்கவில்லை. அடுப்பில் ஒரு கொள்ளி சரிந்தது. அப்புறம்தான் அவனுக்குத் தெரிந்தது.

ஆட்டோக்காரனைக் கூப்பிட்டு வேண்டாம் என்றான்.

ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டினான். மேரி பூனையை நைட்டியோடு இறக்கினாள்.

“மேரி,” என்றான்.

“மண்ணத் தள்ளு.”

தள்ளினான்.

திரும்பி வந்தபோது ஆண்டாளம்மாள் நீளக் கழியோடு விறகுக் குவியல் முன் நின்றிருந்தாள். வேலிகாத்தான் கட்டைகள், சுவர் உயரத்துக்கு அடுக்கியவை.

“பாக்காம வுடக் கூடாது முனிரத்னம். ஒண்ணொண்ணா எடு, நான் அடிக்கிறேன்.”

அவன் வாயைத் திறந்தான்.

மேரி முந்தானையை இடுப்பில் செருகினாள். “தள்ளி நில்லுக்கா,” என்று முதல் கட்டையைத் தூக்கினாள். அவன் வாங்கி அந்தப் பக்கம் போட்டான். அடுத்தது. அதற்கடுத்தது. அவள் ஒவ்வொன்றையும் தூக்குமுன் காலால் தட்டிப் பார்த்தாள். முள் கிழித்த இடத்தில் அவள் முழங்கையில் ரத்தம் கோடிட்டது. அதை அவள் துடைக்கவில்லை.

வெயில் சாய்ந்தபோது அடிக்கட்டை வந்தது. இருவருமாகப் புரட்டினார்கள். கீழே ஈரமண். ஒரு மரவட்டை சுருண்டது.

“எங்கியோ ஓடிப்பூடுச்சு,” என்றாள் ஆண்டாளம்மாள்.

“ஆமாக்கா,” என்றாள் மேரி. “ஓடிப்பூடுச்சு.”

ஆண்டாளம்மாள் கழியை இழுத்துக்கொண்டு போனாள். மேரி அடிக்கட்டையைப் பழைய இடத்திலேயே வைத்து, திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினாள். முனிரத்தினம் அடுத்த கட்டையை எடுத்துக் கொடுத்தான்.