தொண்ணூறாவது ஆள்

அண்ணி, ஊருக்குத் திரும்பியதிலிருந்து அண்ணன் ஏன் என் பேச்சையே எடுப்பதில்லை என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். "வேலை அதிகமா இருக்கும் அண்ணி" என்று மழுப்பினேன். பொய். என்ன நடந்ததென்று நானே சொல்லிவிடுகிறேன்.

பூங்காவில் என் வேலை உங்களுக்குத் தெரியும். உயரத்திலிருந்து தண்ணீருக்குள் பாயும் படகுக்கு வரிசை பார்த்துக்கொள்வது. குறுக்கே புகுந்தவரைக் கடைசிக்கு அனுப்ப வேண்டும். நடுவில் வெளியே போய்த் திரும்பி வந்தாலும் கடைசிதான். போன மாதம் எங்கள் அறையில் இருந்த, 'மீசை' என்று நாங்கள் கூப்பிடும் பையன், தெரிந்தவன் ஒருவனைக் கம்பிக்கு அடியில் நுழையவிட்டான். அடுத்த வாரமே மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கத்திலும் வரிசைதான் வருகிறது.

அன்று அண்ணனுக்கும் பாப்பாவுக்கும் இங்கே கடைசி நாள். மறுநாள் காலை விமானம். அதற்கு முன் இரண்டு முறை வந்தும் மழையால் படகு ஓடவில்லை. உயரம் அளக்கும் கம்பத்தில் பாப்பா குதிகாலைத் தூக்காமலே தேறிவிட்டாள். அந்தப் பெருமையை வரிசையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"டேய், தம்பி இவ்வளவு பெரிய ஆபீசரா இருக்கும்போது எங்களுக்கு எதுக்குடா வரிசை?" என்றார் அண்ணன்.

"மெதுவாப் பேசுண்ணா, சூப்பர்வைசர் காதுல விழுந்துடும்."

"பயந்தாங்கொள்ளி! சும்மா சொன்னேன்டா. நிக்கிறோம்."

ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். இதற்கிடையில் நீலத் தொப்பி போட்ட ஒருவர், கழிப்பறைக்குப் போன மகனைத் தூக்கிக்கொண்டு தன் பழைய இடத்துக்கு வந்தார். நான் தடுத்தேன்.

"இவ்வளவு நேரம் இங்கதான் நின்னேன், வேணும்னா இந்தம்மாவைக் கேளுங்க."

"தெரியும் சார். கடைசிக்குத்தான் போகணும்."

"உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தா இப்படிச் சொல்வீங்களா?"

"யாரா இருந்தாலும் இதான் சார்."

சொல்லிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பாப்பா கால்களைப் பின்னிக்கொண்டு நெளிவதைப் பார்த்தேன். அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். திரும்பி வந்தபோது, பின்னால் நின்ற அம்மாவே "வாங்க, உங்க இடம் அப்படியே இருக்கு" என்று வழிவிட்டார். வால் பக்கத்து வளைவிலிருந்து நீலத் தொப்பிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நீங்க கடைசிக்குப் போகணும்."

அண்ணன் சிரித்தார். "விளையாடாதடா. பிள்ளை ஈரக் கையோட நிக்குது பாரு."

"அவரையும் இப்பதான் அனுப்பினேண்ணா."

அண்ணன் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்பா போன பிறகு பள்ளிக்கூட விண்ணப்பத்திலிருந்து விசா அலுவலகம் வரைக்கும் எனக்காக வரிசையில் கால் கடுக்க நின்றவர் அண்ணி அவர். அதை ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிக்குப் போய்விட்டார்.

மூடும் நேரம் நெருங்கியது. மேலே படகு வாசலில் நிற்கும் சூப்பர்வைசர் வாக்கிடாக்கியில் சொன்னார்: "இன்னும் மூணு ட்ரிப்புதான். தொண்ணூறு பேர். அதோட போர்டை வச்சிடு."

'வரிசை முடிந்தது' என்ற போர்டைத் தூக்கிக்கொண்டு முன்னாலிருந்து எண்ணிக்கொண்டே வந்தேன். எண்பத்து நாலு, நீலத் தொப்பி. எண்பத்தைந்து, அவர் மகன். மூன்று பெண்கள். ஒரு பெரியவர். எண்பத்தொன்பது. தொண்ணூறாவது ஆள் அண்ணன். பாப்பா தொண்ணூற்றொன்று. அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

மறுபடி எண்ணினேன். அதேதான்.

"என்னடா, உண்டா இல்லையா?" என்றார் அண்ணன், மெதுவாக.

"ஒருத்தருக்குத்தாண்ணா இடம் இருக்கு."

பாப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சித்தப்பா, நான் அப்பா மடியில உக்காந்துக்கறேன். அசையவே மாட்டேன்."

"மடியில உக்கார விடமாட்டாங்கம்மா."

முன்னால் நின்றவர்களிடம், "யாராவது ஒருத்தர் இந்தப் பிள்ளைக்கு விட்டுக்கொடுப்பீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கக் கூடாதென்று எந்தச் சட்டமும் இல்லை. வேறு யாருடைய குழந்தையாக இருந்தாலும் கேட்டிருப்பேன். என் அண்ணன் மகள் என்பதால் வாய் வரவில்லை. பெரியவருக்குப் பின்னால் போர்டை வைத்தேன்.

"வாம்மா, சித்தப்பாவுக்கு வேலை இருக்கு" என்று அண்ணன் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவள் சத்தம் போட்டு அழுதிருந்தால்கூடத் தேவலை. முகத்தை அவர் கழுத்தில் புதைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

கடைசிப் படகு ஏறும்போது அந்த மூன்று பெண்களில் ஒருத்தி, "அய்யோ, நான் மாட்டேன்" என்று வாசலிலேயே பயந்து இறங்கிவிட்டாள். சூப்பர்வைசர் குரல் வந்தது: "ரெண்டு சீட் காலியாப் போகுது. கீழ யாராவது இருந்தா அனுப்பு."

ஓடினேன் அண்ணி. போர்டைப் போட்டுவிட்டு, ஐஸ்கிரீம் கடை தாண்டி, பெரிய வாசல் வரைக்கும் ஓடினேன். எல்லாரும் வெளியேறும் நேரம். ஆயிரம் முதுகு தெரிகிறது, அதில் நம் முதுகு எது? எனக்குப் பின்னால் படகு தண்ணீரில் விழுகிற சத்தமும், எல்லாரும் கத்துகிற சத்தமும் கேட்டது.

விமான நிலையத்தில், "உடம்பைப் பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார் அண்ணன். பாப்பா கையசைத்தாள்.

மற்றதை எல்லாம் அவரிடம் பேசுங்கள் அண்ணி, நான் அழுதேன் என்றும் சொல்லுங்கள். இரண்டு சீட் காலியாகப் போனதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.