கரடியிடம் சொன்ன பெயர்

கலீலுல்லாவுக்கு வாய் சும்மா இருக்காது. சண்டைக் காலத்தில் கப்பல்களில் கரி அள்ளிப் போட்டவர். போன துறைமுகத்திலெல்லாம் நாலு வார்த்தை பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டார். இப்போது ராயபுரத்தில் ஒரு கிடங்குக்குக் காவல். அப்பேர்ப்பட்ட வாய் அடங்கிக் கிடந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான்: மகளின் பெயர்.

முதலில் பிறந்த இரண்டும் நிலைக்கவில்லை. மூன்றாவது பிறந்ததும் காதில் பாங்கு சொல்லி, பெயரையும் ஓதினார். அதோடு சரி. பிள்ளையைப் பக்கத்து வீட்டுச் சொக்கம்மாளிடம் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டுக்குத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையைச் சாவு ஏறெடுத்தும் பார்க்காது என்று அந்தச் சந்தில் எல்லோருக்கும் நம்பிக்கை. அன்று முதல் அவள் தவுடு. நிஜப் பெயர் அவருக்கும் மனைவி சபீஹாவுக்கும் மட்டுமே தெரியும். நாலு வயசாகியும் பிள்ளைக்கே தெரியாது.

அந்த வாரம் கிடங்கில் ஒரு கூண்டு வந்து இறங்கியது. சர்க்கஸுக்கு வந்த கரடி. கூட வந்த நார்வே நாட்டுக் கிழட்டு மாலுமி அரைகுறை இந்துஸ்தானி பேசினான்.

உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கலீலுல்லா கேட்டார். "பியோர்ன்" என்றான் கிழவன். அது நிஜப் பெயர் இல்லையாம். பழுப்பன் என்று அர்த்தமாம். இங்கிலீஷ்காரன், ஜெர்மன்காரன் சொல்வதும் அதே பழுப்பன்தானாம். ரஷ்யாக்காரன் "மெத்வேத்", தேன்தின்னி, என்கிறானாம். நிஜப் பெயரைச் சொன்னால் கரடி வந்துவிடும் என்று வடக்கே பாட்டன்மார் மறைத்தார்கள். பேரன்மாருக்கு அது மறந்தே போயிற்று. தெற்கே கிரேக்கனும் ரோமாக்காரனும்தான் பயமில்லாமல் சொன்னார்கள்.

"மறைச்சதுக்குக் காரணம் இருக்கு. கூப்பிட்டா கேக்கிறது கரடி மட்டும் இல்ல" என்று சொல்லிவிட்டு, கிழவன் குடிக்கப் போய்விட்டான்.

சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அவர் கலீலுல்லாவா? சாயங்கால வெயில் கிடங்கு வாசலில் விழுந்திருந்தது. கூண்டின் முன்னால் குந்திக்கொண்டு, "பியோர்ன்" என்றார். கரடி காதைக்கூட அசைக்கவில்லை. "மெத்வேத்" என்றார். படுத்தே கிடந்தது. ஜெனோவாவில் கேட்ட "ஓர்சோ", மார்சேயில் கேட்ட "ஊர்ஸ்", ரோமாக்காரன் சொல்லில் பிறந்த இரண்டையும் சொன்னார். தலை தூக்கியது. கிரேக்கக் கப்பலில் பழகிய "ஆர்க்தோஸ்" என்றதும் எழுந்து கம்பி ஓரம் வந்து, அவர் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்தது. திரும்பினார். யாரும் இல்லை.

மனுஷனுக்கு ஒரே குஷி. "உனுக்கு மட்டும் இல்ல தோஸ்து, என் வூட்லயும் ஒரு பேரை ஒளிச்சு வச்சுகினு கீறோம்" என்றவர், மகளின் பெயரை வாய் நிறையச் சொன்னார். நாலு வருஷம் அடக்கியது, சொல்லும்போது தித்தித்தது.

கரடி பின்வாங்கி மூலையில் ஒடுங்கி, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டது. வாசல் வெளிச்சம் ஒரு கணம் மங்கித் தெளிந்தது. வெளியே சரளைக் கல்லில் யாரோ நடந்து போகும் சத்தம், கல்மண்டபம் பக்கமாக. அவருடைய வீடு அங்கேதான்.

வேலையாவது மண்ணாவது என்று ஓடினார். சந்துக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. தவுடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், பெருநாள் பாவாடையைக் கட்டிக்கொண்டு.

"இன்னாம்மா இது, புதுப் பாவாடை?"

"கூப்ட்டாங்க அத்தா. அதோ, அந்த முனைல நின்னுகினு."

"யாரு கூப்ட்டது? இன்னான்னு கூப்ட்டாங்க?"

பிள்ளை அந்தப் பெயரைச் சொன்னாள். அன்று அவர் காதில் ஓதினாரே, அதே இழுப்போடு. உள்ளேயிருந்து ஓடிவந்த சபீஹா, "நான் சொல்லலீங்க, அல்லாமேல ஆணையா சொல்லலீங்க" என்று வாயில் அடித்துக்கொண்டாள்.

கலீலுல்லா பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டு, ஆளே இல்லாத தெருமுனையைப் பார்த்துக் கத்தினார்: "அப்டி யாரும் இந்த வூட்ல இல்ல! இது தவுடு! தவிட்டுக்கு வாங்குன புள்ள!"

தவுடு அவர் தாடையைத் தன் பக்கம் திருப்பினாள். பிஞ்சுக் கை ஜில்லென்று இருந்தது.

"நான்தான்னு சொல்லிட்டேனே, அத்தா. பாவாட மாத்திகினு வரேன்னு சொன்னேன்."