முதிர்வுத் தேதி

வெல்டருக்குப் பட்டறையில் 'பூட்டு' என்று பெயர். பூட்டியதை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, பாதித் தெரு போனபின் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

சும்மா வந்த பழக்கமில்லை அது. கல்யாணமான புதிதில், மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி என்று ஆசை காட்டிய ஒரு நிதி நிறுவனத்தில் கையில் இருந்ததையெல்லாம் கொட்டினார். ஒருநாள் போய்ப் பார்த்தால், பெயர்ப்பலகையைக்கூட விடாமல் கழற்றிக்கொண்டு ஓடியிருந்தார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகுமா? அதன்பின் தம்பி பங்குச்சந்தை என்று வாயெடுத்தாலே இவர் எழுந்து போய்விடுவார்.

"பெருக்கவே வேணாம்டா. இருக்கிறதைக் காப்பாத்தினா போதும்" என்பார்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததை வங்கியில் ஐந்து வருட வைப்புநிதியில் போட்டார். ரசீதை பீரோவில் வைத்துப் பூட்டிய அன்று மனைவியிடம் சொன்னார்: "இடியே விழுந்தாலும் அஞ்சு வருஷத்துக்கு இதைத் தொடக்கூடாது. நடுவுல எடுத்தா எல்லாம் போச்சு."

பட்டறையில் எவனோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தார் மனிதர். வங்கியிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மனைவி ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். கொஞ்ச நாளாகக் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். பக்கத்தில் வைத்த தம்ளரைத் தட்டிவிட்டாள்.

"கண்ணை எங்க வெச்சுட்டு நடக்கிற?" என்று இவர் கேலி செய்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

முதிர்வுக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கையில், ஒரு சட்டையோடு சேர்த்துத் தன் விரலையும் தைத்துவிட்டாள். கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதுதான் உண்மை வெளியே வந்தது.

"போன வருஷமே கண் டாக்டரைப் பார்த்துட்டேங்க. கண்ணுக்குள்ள அழுத்தமாம். உடனே ஆபரேஷன் பண்ணணும்னாரு. பெரிய தொகையா சொன்னாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்கதானே இடியே விழுந்தாலும் தொடக்கூடாதுன்னீங்க. தேதி வரட்டும்னு இருந்துட்டேன்."

 மறுநாள் வங்கி திறக்கும் முன்பே வாசலில் நின்றார்.

"முன்கூட்டியே எடுத்தா வட்டியில ஒரு பர்சன்ட் குறையும் சார்" என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

"முதல்?"

"முதலுக்கு என்ன சார்? அப்படியே இருக்கு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார்."

இவர் கையெழுத்துப் போட்டார். ஒரு பர்சன்ட்! அதற்காகவா அவள் ஒரு வருடம் வாய் திறக்காமல் இருந்தாள்?

பணத்தோடு நேரே கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் நெடுநேரம் சோதித்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"ரெண்டு கண்ணுலயும் ஓரத்துப் பார்வை போயிடுச்சும்மா. நேரா இருக்கிறது மட்டும்தான் தெரியும். போனது திரும்ப வராது. இப்ப ஆபரேஷன் பண்ணினா, இருக்கிறதைக் காப்பாத்தலாம்."

"இவரும் எப்பவும் அதைத்தான் சொல்வாரு டாக்டர்" என்றாள் மனைவி. குத்திக்காட்டவில்லை, புருஷன் சொன்னது சரிதான் என்கிற பெருமைதான் அந்தக் குரலில் இருந்தது.

அவளுக்குப் பக்கத்து நாற்காலியில், தோளோடு தோளாக உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார் அவர். டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு அது தெரியவில்லை.