வலை கட்டாத சிலந்தி

முதலில் ஒரு விஷயத்தைத் தீர்த்துவிடுவோம். நான் பூச்சி இல்லை. எட்டுக்கால் பூச்சியாம், எட்டுக்கால் பூச்சி! அந்தப் பெயரை வைத்தவன் மட்டும் என் காலில் அகப்படட்டும், தெரியும் சேதி. பூச்சிக்கு ஆறு கால், தலையில் இரண்டு மீசை. எனக்கு எட்டுக் கால், மீசை கிடையாது. பூச்சி என்பது நான் தின்னும் சாப்பாடு. உங்களை யாராவது “சோறே, இங்கே வா” என்று கூப்பிட்டால் சும்மா இருப்பீர்களா?

இன்னொன்று, எனக்குக் காதும் இல்லை. கால் ரோமங்கள் அதிர்வதை வைத்துத்தான் சத்தத்தை அறிகிறேன். ஆகவே இனி நான் சொல்லப்போகும் பேச்செல்லாம் காலால் கேட்டவை.

அப்போது ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்தது. பட்டாளத்துக்காரர்களின் பூட்ஸுக்குத் தோல் போதாமல் ஆம்பூரே ராப்பகலாய் வேலை செய்தது. நான் குடியிருந்தது நிசார் அஹமது சாயபுவின் தோல் கிடங்கில், ஜன்னலுக்கு மேலே சுவரில். உங்கள் உள்ளங்கை அகலம் இருப்பேன். ஆனால் உடம்பு தட்டை. ஓட்டுக்குக் கீழே இருந்த விரிசலில் சட்டென்று புகுந்துகொள்வேன். நான் வலை கட்டுகிற ரகமும் இல்லை. கரப்பான் வரும் வழியில் அசையாமல் நின்று, ஒரே பாய்ச்சலில் பிடிப்பேன். வலையை விரித்துவிட்டு, விழுமா விழுமா என்று உட்கார்ந்திருப்பதெல்லாம் சோம்பேறிகளின் வேலை.

அந்தச் சமயத்தில் மட்டும் பாய்ச்சலுக்கு வழியில்லை. என் வயிற்றுக்கடியில் முட்டைப் பை இருந்தது. சின்ன இட்லி மாதிரி வெள்ளையாய், வட்டமாய், என் நூலாலேயே நான் செய்த பை. வாயால் கவ்வி அதைச் சுமந்துகொண்டே திரிந்தேன். வாயில் பை இருக்கும்போது எதைத் தின்பது? பட்டினிதான். பையோடு விரிசலுக்குள் நுழையவும் முடியவில்லை.

இந்த நேரம் பார்த்துச் சாமுவேலுக்குக் கையெல்லாம் கொப்புளம். தோலிலிருந்து ரோமம் கழல்வதற்காகச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போடுவார்கள். முழங்கை வரை கையை முக்கி அந்தத் தோலைப் புரட்டுகிற கூலியாள் சாமுவேல். சுண்ணாம்பு அரித்த கை கொப்புளிக்காமல் என்ன செய்யும்? அதை யோசித்தானா அவன்? நேராக என்னிடம் வந்து விளக்குமாற்றை ஓங்கினான்.

“சாயபு! இந்தச் சிலந்தி என் மேல மூத்திரம் பேஞ்சிட்டுது. கை இன்னா கதில கீதுன்னு பாருங்க! அடிச்சிப் போட்டுர்றேன்.”

அடப்பாவி! அவன் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. எங்கள் மூத்திரத்தால் யாருக்கும் கொப்புளம் வராது.

சாயபு ஓடிவந்து தடுத்தார். “அரே, கைய எறக்குடா! நபி பெருமானார் குகையில ஒளிஞ்சிருந்தப்போ, எதிரிங்க உள்ள வராம வாசல்ல வலை கட்டிக் காப்பாத்தின ஜாதிடா இது. எங்க ஆளுங்க யாரும் இத அடிக்க மாட்டோம்.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் சாமுவேல் லேசுப்பட்ட ஆளா? ஜன்னல், சுவர், மூலை என்று ஓர் இடம் விடாமல் பார்த்தான்.

“எங்க சாயபு வலை? இத்தினி நாளா பாக்குறேன், இது ஒரு வலை கட்டி நான் பாக்கல. இது அந்த ஜாதியே இல்ல.”

சாயபு தாடியைத் தடவினார். அவரும் பார்த்ததில்லை. நியாயமான மனிதர் வேறு.

“சரி. நான் ஜும்மாவுக்குப் போய்ட்டு வர்றேன். அதுக்குள்ள இது வலை கட்டியிருந்தா விட்டுடணும். இல்லேன்னா உன் இஷ்டம்.”

போச்சுடா! கட்டத் தெரிந்தால்தானே கட்டுவதற்கு?

தொழுகைக்குப் போகிறவர்கள் போனார்கள். சாமுவேல் மட்டும் விளக்குமாற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூழ் குடித்தான். அவனுக்கு ஒரு கண் கூழில், ஒரு கண் என்மேல். எனக்கு எட்டுக் கண், எட்டும் அவன்மேல். பையைப் போட்டுவிட்டால் விரிசலுக்குள் ஓடிவிடலாம். மனசு வரவில்லை. பையை இன்னும் இறுக்கிக் கவ்விக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அப்போதுதான் பைக்குள் உதை விழுந்தது. ஒன்றா இரண்டா, நூற்றுக்கணக்கான உதை! நேரம் காலம் தெரியாத பிள்ளைகள். பையின் ஓரத்தைக் கடித்துக் கிழித்தேன். கடுகு கடுகாய், கொசகொசவென்று வெளியே வந்தார்கள். நல்ல வேளை, கூழ் குடித்த மயக்கத்தில் சாமுவேலுக்கு அதற்குள் இரண்டு கண்ணும் மூடிவிட்டன.

நாங்கள் வலை கட்டாவிட்டாலும் நூல் விடுகிறவர்கள்தான். போகும்போது பின்னால் ஓர் இழையை விட்டுக்கொண்டே போவோம். கால் தவறினால் அதில் தொங்கிக்கொள்ளலாம். நான் ஒருத்தி விட்ட இழை இதுவரை யார் கண்ணிலும் பட்டதில்லை. இந்த வாண்டுகளோ ஜன்னல் கம்பிகளில் ஏறி, ஒருவரையொருவர் தள்ளி, விழுந்து, தொங்கி, மறுபடி ஏறி ஒரே ரகளை. மெதுவாய்ப் போங்களடா என்று மனசு அடித்துக்கொண்டது. யார் கேட்டார்கள்? சிலர் கம்பி நுனியில் நின்று, வயிற்றைத் தூக்கி, காற்றில் இழையை விட்டு, சிறகே இல்லாமல் பாலாற்றுப் பக்கம் பறந்தே போனார்கள்.

சாயபு திரும்பி வந்தபோது ஜன்னல் முழுக்க நூல், வெயிலில் பளபளத்தது.

“சுப்ஹானல்லாஹ்! பாத்தியாடா சாமுவேல்?”

சாமுவேல் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். “தப்பாச்சு தாயே. என் கைய மட்டும் சரி பண்ணிடு.”

சாயபு அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். ஆறும்வரை குழிக்குப் போகாமல் தோல் அடுக்கும் வேலையைப் பார்க்கச் சொன்னார். சுண்ணாம்பு படாத கை தானாய் ஆறியது. சாமுவேலோ, சிலந்தியம்மா மன்னித்துவிட்டாள் என்று பஜார் முழுக்கச் சொல்லித் திரிந்தான். என் கோபத்தை எங்கே போய்ச் சொல்வது?

சாயபு இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் ஜன்னலைக் காட்டி, நான் கட்டிய வலை என்கிறார். ஐயா, அது என் பிள்ளைகள் விட்டுப்போன நூல். ஒரு பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கரப்பான்கள் அந்த ஜன்னல் வழியாகத்தான் வருகின்றன. குறுக்கே பாய்ந்தால் பிடித்துவிடலாம், ஆனால் நூல் அறுந்துவிடும். நான் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். பாதிக் கரப்பான் தப்பிவிடுகிறது, போகட்டும்.