நாற்பது கட்டத்துக்குள்

சின்னவளுக்கு அன்று ஒரே ஓர் எழுத்து இடித்தது. அதைக் குறைப்பதற்காகக் காலையிலிருந்து சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஆங்கில எழுத்தைக் கொடுத்தால் பிரெய்ல் புள்ளிகளாக மாற்றித் தரும் புரோகிராம். அதை யார் குறைந்த எழுத்துகளில் எழுதுவது என்று அவளுக்கும் அக்காவின் கணவரான அத்தானுக்கும் போட்டி. இருவருமே கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள். அந்த வீட்டில் புத்தி தெளிந்த ஆள் அக்கா மட்டும்தான்.

அத்தானுக்கு இது விளையாட்டு, சின்னவளுக்கு அப்படியில்லை. பிறவியிலேயே பார்வையில்லாத அவளுக்காகக் கீபோர்டுக்கு முன்னால் ஒரு பட்டைக் கருவி இருக்கிறது. திரையில் உள்ளது அதில் குட்டி ஊசிகளாக எழும்பி நிற்கும், விரலால் தடவிப் படிப்பாள். வரிக்கு நாற்பது கட்டம்தான், கட்டத்துக்கு ஓர் எழுத்து. மிச்சம் வேண்டுமென்றால் பட்டனை அமுக்க வேண்டும். வால் வந்தால் தலை போய்விடும். உருப்படியான ஒரு புரோகிராமைத் தலைமுதல் வால்வரை ஒரே சமயத்தில் அவள் தொட்டதே கிடையாது. ஒரு தடவையாவது தொட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஆனால் நாற்பத்தொன்றில் வந்து நிற்கிறது. எண்ணும் திசையைத் திருப்புவதற்காகப் போட்ட பாழாய்ப்போன கழித்தல் குறி ஒன்று நகரமாட்டேன் என்கிறது.

"நாப்பது!" என்று பக்கத்து மேசையில் அத்தான் அலறினார்.

"பொய் சொல்லாதீங்க."

"அனுப்பறேன், நீயே எண்ணிப் பாரு தாயே."

எண்ணினாள். நாற்பதேதான். வயிற்றெரிச்சலாக இருந்தது. தன் ஆசையைத் தன் வீட்டு மனிதரே முதலில் எட்டிவிட்டாரே! பொருமிக்கொண்டே ஓட்டிப் பார்த்தாள். வந்த புள்ளிகளைத் தடவியதும் புருவம் ஏறியது. டி வரவேண்டிய இடத்தில் எஃப் வருகிறது. ஏ-க்குப் பதிலாக ஒரு புள்ளி வருகிறதே, அப்படி ஓர் எழுத்தே பிரெய்லில் கிடையாது.

"அத்தான், புள்ளியெல்லாம் எதைப் பார்த்து அடிச்சீங்க?"

"உன் பிரெய்ல் அட்டையைப் பார்த்துதான், எல்லா எழுத்தும் ஒரே வரிசையா இருக்குமே, அது. முன்பக்கம் வெள்ளைமேல வெள்ளை, ஒண்ணும் தெரியல. திருப்பிப் போட்டேன், குழி குழியா பளிச்சுன்னு தெரிஞ்சுது. என்ன, ஏ வலது கோடியில தொடங்கி இடதுபக்கமா போச்சு. சரி, பிரெய்ல்னா அப்படித்தான் போலன்னு..."

"அது முதுகுப்பக்கம்! எல்லாமே இடவலம் மாறியிருக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"எதிராளிகிட்டயா? எனக்கு மானம் ரோஷம் இல்லையா?"

சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். விக்கல் வந்தது. அக்கா தண்ணீரோடு ஓடி வந்தாள். "ரெண்டு பேருக்கும் கழண்டு போச்சா?"

தம்ளரை வாங்க நீண்ட கை பாதியில் நின்றது. புள்ளிகள் தப்புதான். ஆனால் அட்டையைத் திருப்பியதில் வரிசையே கடைசி எழுத்திலிருந்து தொடங்குகிறது. அத்தான் அதனால்தான் பின்னாலிருந்து எண்ணியிருக்கிறார். பின்னாலிருந்து எண்ணினால் கழித்தல் குறி எதற்கு?

"யாரும் பேசாதீங்க!" என்று ஒரு விக்கலோடு கத்தினாள்.

தன் சரியான புள்ளிகளை அவருடைய தலைகீழ் வரிசையில் அடுக்கினாள். குறியை அழித்தாள். ஓட்டினாள். டி டி-யாகவே வந்தது, ஏ ஏ-யாகவே வந்தது. பிறகு புரோகிராமை விரலுக்கு வரவழைத்து, இடது கையைத் தலையிலும் வலது கையை வாலிலும் வைத்தாள். பழக்கதோஷத்தில் பட்டனையும் அமுக்கினாள். ஊசிகள் அசையவில்லை. வருவதற்கு மிச்சம் ஒன்றுமில்லை.

சந்தோஷத்தில் அக்காவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். தம்ளர் கவிழ்ந்து அத்தான் மடியெல்லாம் தண்ணீர்.

"அப்போ நான் தோத்துட்டேனா?" என்றார் அவர், நனைந்துபோய்.

சின்னவள் அவர் கையைப் பிடித்து இழுத்து ஊசிகள்மேல் வைத்தாள். "தொட்டுப் பாருங்க அத்தான். முழுசா இருக்கு. வரிசை உங்களோடது."